சிவப்பு அடையாள அட்டையும் ஒரு பாதுகாப்பு அனுமதியும்: சுங்கை சிப்புட் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

என் அக்காள் மகன் அமெரிக்கக் குடிமகன். அந்நாட்டின் தற்காப்புத் துறைக்குக் கருவிகள் செய்து தரும் ஒரு தனியார் நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறார். அவருடைய வேலைக்குத் தேவைப்பட்ட பாதுகாப்பு அனுமதி, அதாவது அரசின் இரகசியங்களைக் கையாள்வதற்கான இசைவு, 2019 மே மாதம் தொடங்கி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முடிவாகாமல் நின்றது. அவர் கடன்பட்டவர் அல்லர், குடிப்பழக்கம் உள்ளவர் அல்லர், எந்த வழக்கிலும் சிக்கியவர் அல்லர். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அவருக்கு ஒரு தாயும் ஒரு தமையனும் ஒரு தங்கையும் ஒரு தாய்மாமனும் இருந்தோம் என்பதே கேள்வியாயிற்று. இங்கிருந்து தாள்களைத் தேடி எடுத்து, மொழிபெயர்த்து, சத்தியப் பிரமாணம் செய்து அனுப்பும் பொறுப்பு ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியனாகிய என்னிடம் வந்தது. குடும்பத்தாரின் ஒப்புதலுடன், பெயர்களையும் நிறுவனத்தையும் விட்டுவிட்டு, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், எங்கள் பட்டணத்தில் இதைப் பற்றி நிலவும் ஒரு தவறான அறிவுரை. தோட்டத்து லயங்களில் பிறந்து, படித்து, வெளிநாடு சென்று அங்கேயே குடியுரிமை பெற்ற பிள்ளைகள் இன்று நம்மிடையே பலர். அவர்களில் ஒருவருக்கு இப்படிப்பட்ட விசாரணை வருகிறது என்றால், உறவினர் வாயிலிருந்து முதலில் வரும் சொல், "சொந்தத்தைக் குறைச்சுக் காட்டு" என்பதுதான். என் மருமகனுக்கும் அதையே சொன்னார்கள். அந்த அறிவுரையை அவர் ஏற்றிருந்தால் அவருடைய வேலை போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் தம்மையறியாமல் ஓரிடத்தில் ஓர் உறவை விட்டுவிட்டார், அதுவே அவருக்கு மிகப் பெரிய இடராக வந்து நின்றது. அந்த உறவு நான்.

குடும்பம்

என் அக்காள் 1955-இல் தோட்டத்து லயத்தில் மருத்துவச்சியின் கையில் பிறந்தவர். பிறப்பு பதிவு செய்யப்படவில்லை. சுதந்திரத்துக்கு முன் பிறந்து, பிறப்புப் பத்திரமும் இல்லாமல் போன பலரைப் போல அவருக்கும் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை, அதாவது நிரந்தரவாசிக்குரிய அட்டை. அவர் மணந்தவர் அதே தோட்டத்தில் பால்மரம் சீவிப் பின்னர் மண்டோராக, அதாவது தொழிலாளர் மேற்பார்வையாளராக, உயர்ந்தவர், நீல அடையாள அட்டை பெற்ற குடிமகன். கோயிலில் நடந்த திருமணம். பிள்ளைகள் மூவரும் மலேசியக் குடிமக்களாகப் பதிவானார்கள். அக்காளின் குடியுரிமை விண்ணப்பம் மட்டும் நிலுவையில் கிடந்தது, இன்றும் கிடக்கிறது.

மூத்த மகன் தோட்டத்து அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். மகள் தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நடுப்பிள்ளையான என் மருமகன் 1984-இல் பிறந்து, 2004-இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலை தேடிக்கொண்டு, 2015-இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அவர் காலம் தாழ்த்தாமல் குடியுரிமையைத் துறப்பதற்கான 'கே' படிவத்தை நிரப்பிக் கடப்பிதழையும் ஒப்படைத்துவிட்டார். இது பின்னர் பேருதவியாக அமைந்தது. வேறொரு நாட்டைத் தம் நாட்டினும் மேலாகக் கருதுகிறாரா என்ற தனிக் கேள்வி அவர் வழக்கில் எழவே இல்லை. மனைவி கோயம்புத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட அமெரிக்கக் குடிமகள், அவருடைய பெற்றோர் இந்தியாவில் வாழ்கிறார்கள்.

விதி என்ன சொல்கிறது

அமெரிக்காவில் இத்தகைய முடிவுகளுக்கு அடிப்படையாக இருப்பது 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ள வழிகாட்டி நெறிகள். 'ஏ' முதல் 'எம்' வரை மொத்தம் 13 தலைப்புகள். அவற்றில் 'பி' என்பது அயல்நாட்டுச் செல்வாக்கு. வெளிநாட்டில் உறவினர் இருப்பது குற்றம் என்று அது எங்கும் சொல்லவில்லை. அந்த உறவின் வழியாக ஒருவரை யாரேனும் ஏய்க்கவோ தூண்டவோ நெருக்கவோ அச்சுறுத்தவோ கூடிய 'கூடுதல் ஆபத்து' உண்டா என்பதே அதன் கேள்வி. 'கூடுதல்' என்ற அந்த ஒரு சொல் 2006-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில்தான் சேர்ந்தது. அதற்கு முன் நெருங்கிய உறவினர் அயல்நாட்டுக் குடிமகனாக இருப்பதே கவலைக்குரியதாகத் தொடங்கும். திருத்தத்துக்குப் பின், அந்த உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார், அந்நாட்டு அரசு அமெரிக்க இரகசியங்களைத் தேடி எடுத்த வரலாறு உடையதா, அங்குள்ள மனித உரிமை நிலை என்ன, உறவினருக்கும் அரசுக்கும் தொடர்பு உண்டா என்பனவெல்லாம் சேர்த்து எடைபோடப்படுகின்றன. சீனாவிலோ ஈரானிலோ ரஷ்யாவிலோ தாய் தந்தையர் உள்ளவர் சுமக்க வேண்டிய நிரூபணச் சுமை மலேசியாவில் தாய் உள்ளவருடையதைவிட மிகவும் பாரமானது. இது அந்த மனிதர்களுக்கு நியாயமா என்று கேட்டால், பல வேளைகளில் நியாயமில்லை என்றே சொல்வேன். தாம் விட்டு வந்த அரசின் தன்மைக்காகத் தாம் விலை கொடுக்கிறார்கள்.

சுமை யார் மேல் என்பதும் முக்கியம். விண்ணப்பதாரர் மறுக்கும் உண்மைகளை அரசு சான்றுடன் காட்ட வேண்டும். காட்டிய பின், அந்த உண்மைகளையும் மீறித் தமக்கு அனுமதி தரலாம் என்று மெய்ப்பிக்க வேண்டியவர் விண்ணப்பதாரர். ஐயம் எஞ்சினால் அது நாட்டின் பாதுகாப்புப் பக்கமே தீர்க்கப்படும். பாதுகாப்பு அனுமதி எவருக்கும் உரிமையன்று என்பதையும், தவறுவதானால் மறுக்கும் பக்கமாகத் தவறலாம் என்பதையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல் ஈகன் வழக்கில் கூறியிருக்கிறது. நம் ஊர் வழக்கில், குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை நிரபராதி என்ற எண்ணத்தோடு இதை அணுகுபவர் முதல் அடியிலேயே வழுக்கிவிடுவார்.

ஆயினும் விண்ணப்பதாரருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும், எதிர்வாதம் செய்ய வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்ற நிலை எளிதில் வந்ததன்று. வில்லியம் கிரீன் என்ற விமானத்துறைப் பொறியாளர் 1953-இல் தம் அனுமதியை இழந்தார். அவர்மீது சுமத்தப்பட்டவற்றுள் அவருடைய முன்னாள் மனைவியின் அரசியல் கருத்துகளும் தொடர்புகளும் இருந்தன. தமக்கு எதிராகச் சொன்னவர்கள் யார் என்பதே அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. 1959-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. அதைத் தொடர்ந்து 1960-இல் அதிபர் ஐசன்ஹோவர் பிறப்பித்த 10865-ஆம் ஆணைதான் இன்றுவரை தனியார் நிறுவன ஊழியர்களுக்கு விசாரணை உரிமையைத் தருகிறது. அனுமதி மறுப்பு என்பது விண்ணப்பதாரரின் நாட்டுப்பற்றைப் பற்றிய தீர்ப்பு அன்று என்று அந்த ஆணையே கூறுகிறது. என் அக்காளுக்கு இதை நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. "என் பையனத் துரோகின்னு சொல்றாங்களா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

படிவத்தில் உறவுமுறை

எல்லாம் தொடங்குவது எஸ்எஃப் 86 என்னும் நீண்ட படிவத்தில். அதன் 18-ஆம் பகுதி உறவினர் பட்டியல். தாய், தந்தை, மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை, வளர்ப்புப் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், மாமனார், மாமியார், பாதுகாவலர் ஆகியோர் அதில் அடங்குவர். அவர்களுள் அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்களைப் பற்றி எந்த வழியில் பேசுகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுகிறீர்கள், யாரிடம் வேலை செய்கிறார்கள், அயல்நாட்டு அரசோடோ படையோடோ உளவுத்துறையோடோ தொடர்பு உண்டா என்றெல்லாம் கேள்விகள் தொடரும்.

நம் உறவுமுறையை அறிந்த எவரும் இந்தப் பட்டியலைப் படித்ததும் திகைப்பார்கள். தாய்மாமன் அதில் இல்லை. அத்தை இல்லை. பெரியப்பா, சித்தப்பா இல்லை. நம் வழக்கில் பெரியப்பா மகன் அண்ணன்தான். ஆங்கிலத்தில் அவரை உடன்பிறந்தவர் என்று எழுதினால் பொய்யாகும், எழுதாமல் விட்டால் நெஞ்சுக்கு ஒப்பாது. என் மருமகனுக்கு என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அவருடைய தந்தை இறந்த பின் கல்லூரிக் கட்டணத்துக்காக நான் என் ஊழியர் சேமநிதிக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தேன். திருமணத்தில் முதல் மாலை என் கையால் ஏறியது. ஆனால் 18-ஆம் பகுதியைப் பொறுத்தவரை அவர் வாழ்நாளில் ஐந்தாறு முறை பார்த்த மாமனார் உறவினர், நான் உறவினன் அல்லன்.

என்னைப் போன்றவர்களுக்கு உரிய இடம் 19-ஆம் பகுதி. கடந்த ஏழு ஆண்டுகளில் பாசத்தாலோ செல்வாக்காலோ இருவருக்கும் பொதுவான ஈடுபாட்டாலோ கடப்பாட்டாலோ பிணைக்கப்பட்டு, நெருங்கிய அல்லது தொடர்ச்சியான தொடர்பில் இருக்கும் அயல்நாட்டவர் யார் என்று அது கேட்கிறது. இக்கேள்வியை என் மருமகன் நண்பர்களைப் பற்றியது என்று பொருள் கொண்டார். உறவினரை முந்திய பகுதியிலேயே சொல்லிவிட்டோமே என்று எண்ணி, பல்கலைக்கழகத் தோழர் ஒருவரை மட்டும் எழுதினார். நான் எங்கும் இடம்பெறவில்லை. "மாமா, உங்க பேர எங்க எழுதணும்னே எனக்குத் தோணல" என்று பின்னர் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

பணம் சம்பந்தப்பட்டதால் இது பெரிதாயிற்று. 20-ஆம் பகுதி, அயல்நாட்டவர் எவருக்கேனும் பண உதவி செய்ததுண்டா என்று கேட்கிறது. தாய்க்கு மாதந்தோறும் பணம் அனுப்புவதை அவர் உண்மையாகவே எழுதினார். ஆனால் மூட்டுவலியால் வங்கிக்கு நடக்க முடியாத அக்காளுக்காக, அந்தப் பணம் என் கணக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தது. வங்கிப் பதிவில் ஒவ்வொரு மாதமும் ஓர் அயல்நாட்டவர் பெயர் இருக்கிறது, படிவத்தில் அந்தப் பெயரே இல்லை என்றால், பார்க்கும் அதிகாரிக்கு என்ன தோன்றும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஐயம் கொண்டிருப்பேன்.

நேர்முக விசாரணையில் அதிகாரி பணம் எப்படிப் போகிறது என்று பொதுவாகக் கேட்டபோது, மருமகன் தாமாகவே என்னைப் பற்றிச் சொல்லி, படிவத்தில் விட்டுவிட்டதையும் ஒப்புக்கொண்டார். அதிகாரி வங்கிக் கணக்கை எடுத்துக் காட்டி மடக்குவதற்கு முன் அவர் வாயிலிருந்தே அது வந்தது. பின்னால் இந்த வரிசை முக்கியமாயிற்று.

பெயர்களாலும் கொஞ்சம் தடுமாற்றம் ஏற்பட்டது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் கடைசிப் பெயராகப் போவதால் தாய்க்கு ஒரு கடைசிப் பெயர், மகனுக்கு இன்னொன்று, பேரனுக்கு வேறொன்று. போதாக்குறைக்கு, அக்காளின் பெயர் அடையாள அட்டையிலும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களிலும், மருத்துவமனை அட்டையிலும் மூன்று வகை எழுத்துக்கூட்டலில் இருந்தது. எழுதிய கிராணியின் காதில் விழுந்தது எதுவோ அதுவே பெயராகிவிட்டது. மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு பிரமாணப் பத்திரம் செய்ததும் அந்த விவகாரம் முடிந்தது.

காரண அறிக்கை

2021 மார்ச்சில் மருமகனுக்குக் காரண அறிக்கை, அதாவது அனுமதி தரத் தடையாக உள்ளவை எவை என்று அரசு எழுதித் தரும் அறிக்கை, வந்தது. பதில் தர 20 நாள். 'பி' நெறியின் கீழ் தாய், தமையன், தங்கை, மனைவியின் பெற்றோர் என நான்கு பத்திகள். சொந்த நடத்தையைப் பற்றிய 'ஈ' நெறியின் கீழ் ஒரே பத்தி: அயல்நாட்டவராகிய தாய்மாமனைப் படிவத்தில் குறிப்பிடாமல் விட்டது. நான்கு பத்திகளைவிட அந்த ஒரு பத்திதான் ஆபத்தானது என்று அவருடைய வழக்கறிஞர் முதல் நாளே சொன்னார். உறவு என்பது ஒருவர் தேடிக்கொண்டதன்று. மறைப்பு என்பது ஒருவர் செய்வது. இந்த நெறிகளை நடைமுறைப்படுத்துபவர்கள் இரண்டையும் வெவ்வேறு தராசில் நிறுக்கிறார்கள்.

தமையனைப் பற்றிய பத்தி எங்களை வியக்க வைத்தது. அவர் அயல்நாட்டு அரசோடு தொடர்புடைய நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்று அதில் இருந்தது. அவர் வேலை செய்யும் தோட்டத்தில்தான் எங்கள் தாத்தாவும் வேலை செய்தார். அப்போது அது வெள்ளைக்காரக் கம்பெனியின் தோட்டம். 1981 செப்டம்பர் 7 அன்று பெர்மோடாலான் நேஷனல் என்னும் அரசு முதலீட்டு நிறுவனம் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி என்னும் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனத்தின் பங்குகளை ஒரே காலைப் பொழுதில் வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. அந்தக் காலகட்டத்தில் எங்கள் தோட்டமும் அவ்வாறே உள்நாட்டுக் கைக்கு மாறியது. லயத்தில் குடியிருந்தவர்கள் வீடு மாறவில்லை, சம்பளப் புத்தகத்தின் அட்டை மட்டும் மாறியது. அமெரிக்கப் படிவத்தின் பார்வையிலோ, செம்பனைக் குலைகளின் எடையைப் பதிந்துவைக்கும் ஒரு கிராணி, அரசு சார்ந்த நிறுவனத்தின் ஊழியர். அவருடைய வேலை என்ன, யாருக்குக் கீழே என்பதை விளக்கும் பிரமாணப் பத்திரம் போதுமானதாக இருந்தது. தங்கையின் நிலையும் அப்படியே. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கல்வி அமைச்சின் சம்பளம் பெறுபவர் என்பதால் அரசு ஊழியர். நம் சமூகத்தில் படித்த குடும்பங்களில் ஓர் ஆசிரியராவது இருப்பார், ஆகவே மலேசியத் தமிழர் எவர் இந்தப் படிவத்தை நிரப்பினாலும் 'அரசுத் தொடர்பு' என்ற கட்டம் பெரும்பாலும் காலியாக இராது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, உள்ளபடி எழுத வேண்டும்.

மாமனார் மாமியாரைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும் போதும். வாழ்க்கைத் துணையின் பெற்றோர்மீதும் ஒருவருக்குப் பாசமோ கடப்பாடோ உண்டு என்றே முதலில் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் விண்ணப்பதாரர். மருமகன் அதை மறுக்க முயலவில்லை.

அக்காளின் அட்டை

வழக்கின் கனமான பகுதி, நாங்கள் எவரும் எதிர்பாராத வகையில், அக்காளிடம் வந்து நின்றது.

படிவத்தில் தாயின் குடியுரிமை என்ற இடத்தில் மருமகன் 'மலேசியா' என்று எழுதியிருந்தார். அங்கே பிறந்து, அங்கேயே வாழும் தாயை வேறெப்படி எழுதுவார்? ஆனால் சிவப்பு அட்டை வைத்திருப்பவர் மலேசியக் குடிமகள் அல்லர். இந்தியக் குடிமகளா என்றால், அவர் இந்தியாவைக் கண்டதே இல்லை, இந்தியக் கடப்பிதழ் எடுத்ததுமில்லை. காரண அறிக்கைக்குப் பதில் எழுதும்போது இதை நான்தான் கவனித்துச் சொன்னேன். வழக்கறிஞர் சற்று யோசித்துவிட்டு, இதை இப்போதே திருத்தியாக வேண்டும், ஆனால் திருத்தினால் புதிய கேள்வி ஒன்று பிறக்கும் என்றார்.

அவர் சொன்னபடியே பிறந்தது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஒரு மூதாட்டி, ஓர் அரசின் மேசையில் பல ஆண்டுகளாக நிலுவையில் இருக்கும் தம் விண்ணப்பத்துக்கு விடை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். அந்த அரசைச் சேர்ந்த யாரேனும், உன் மகனிடம் ஒரு சிறு தகவல் கேட்டு வாங்கித் தந்தால் உன் விண்ணப்பம் நகரும் என்று சொன்னால்? அரசுத் தரப்பு வழக்கறிஞர் இதை மரியாதையுடன்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியின் தருக்கம் எனக்குப் பல இரவுகள் உறக்கம் கெடுத்தது. எங்கள் குடும்பத்தில் எவருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத, எழுதப் படிக்கத் தெரியாத, ஊரைவிட்டு ஈப்போவுக்கு அப்பால் அதிகம் போயிராத என் அக்காள்தான் பிறர் பிடித்து இழுக்கக்கூடிய கயிற்றின் நுனியாகக் கருதப்பட்டார். பாதுகாப்பு விசாரணை குணத்தை அளப்பதில்லை, பிடியை அளக்கிறது. யாரிடம் என்ன குறை இருக்கிறது, அந்தக் குறையைத் தீர்க்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே அதன் பார்வை. நலிந்தவர்களுக்கே குறை அதிகம் என்பதால், நலிந்தவர்களின் பிள்ளைகளுக்கே இந்தக் கேள்வி அதிகமாக எழுகிறது. இது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் கேள்வி அர்த்தமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊருக்கு இதில் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நாட்டில் எல்லாருக்கும் அடையாள அட்டை என்ற ஏற்பாடு அவசரகாலத்தின் பாதுகாப்பு நடவடிக்கையாகவே தொடங்கியது. யார் யாருக்கு வேண்டியவர், யாருடைய உறவினர் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளரோடு காட்டுக்குள் இருக்கிறார் என்று கேட்டு மக்களைப் பிரித்துப் பார்த்த காலம் அது. அக்காளின் கையிலுள்ள அட்டை அந்த மரபில் வந்ததுதான்.

பதிலில் எதையும் மழுப்பவில்லை. தேசியப் பதிவு இலாகாவிலிருந்து பெறக்கூடிய சான்றுகளைப் பெற்றோம். விண்ணப்பத்தின் நகல்களையும், வந்த கடிதங்களையும் தேதி வரிசையில் அடுக்கினோம். 1960-ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ் நான் ஆணையர் முன் கையெழுத்திட்ட பத்திரத்தில், அக்காளுக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை என்றும், மகன் என்ன வேலை செய்கிறார் என்பது 'கம்ப்யூட்டர் வேலை' என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது என்றும், அவரைக் கவனித்துக்கொள்ள மூத்த மகனும் மகளும் நானும் பக்கத்திலேயே இருக்கிறோம் என்றும் எழுதினேன்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுகிறார் என்ற கேள்வியில்தான் உறவினர்களின் அறிவுரை வலுத்தது. படிவத்தில் 'நாள்தோறும்' என்று மருமகன் முதலிலேயே குறித்திருந்தார். அதை 'வாரம் ஒருமுறை' என்று மாற்றச் சொன்னவர்கள் உண்டு. இனிமேல் போனே செய்யாமல் இருக்கட்டும் என்று சொன்னவரும் உண்டு. இரண்டுமே வீண். தாயோடு உள்ள தொடர்பை 'எப்போதாவது நடக்கும் தற்செயலான தொடர்பு' என்று நீதிபதிகள் பொதுவாக ஏற்பதில்லை; மாதம் ஒருமுறை பேசினாலும் தாய் தாய்தான் என்பதே அவர்கள் எடுத்துக்கொள்ளும் நிலை. குறைத்துச் சொன்னால் பாசம் குறையாது, நம்பகம் மட்டும் குறையும். மருமகன் இரவு தவறாமல் தாயை அழைப்பதை வழக்கு நடந்த நாட்களிலும் நிறுத்தவில்லை. அதற்காக நான் அவரைப் பெரிதும் மதிக்கிறேன்.

விசாரணையும் முடிவும்

2022 ஜனவரியில் காணொளி வழியாக விசாரணை நடந்தது. தற்காப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகத்தைச் சேர்ந்த நிர்வாக நீதிபதி ஒருவர் விசாரித்தார். மருமகனின் மேலதிகாரியும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சி சொன்னார்கள். எங்கள் பத்திரங்கள் எழுத்துச் சான்றாக ஏற்கப்பட்டன. மூன்று மாதம் கழித்து எழுத்து மூலம் முடிவு வந்தது: அனுமதி அளிக்கலாம்.

முடிவின் காரணங்களை நான் பலமுறை படித்தேன். தாயால் கூடுதல் ஆபத்து ஏதும் இல்லை என்று நீதிபதி சொல்லவில்லை. உண்டு என்றே கொண்டார். குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருப்பதை அவர் தள்ளிவிடவில்லை. தொடர்பு அரிதானது என்ற சலுகை, அதாவது கவலையைத் தணிப்பதாக நெறியே ஏற்கும் காரணம், பொருந்தாது என்றும் தெளிவாக எழுதினார். அவர் முடிவுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது வேறொரு சலுகை. விண்ணப்பதாரருக்கு அமெரிக்காவில் ஆழமான, நீண்டகால உறவுகளும் பற்றும் இருந்தால், முரண் எழும்போது அவர் அந்நாட்டின் நலனையே தேர்வார் என்று எதிர்பார்க்கலாம் என்பது அது. மனைவி, அங்கே பிறந்த இரு பிள்ளைகள், வீடு, ஓய்வூதியச் சேமிப்பு, வேலையில் இரகசியம் காத்த பதிவு, காலம் தாழ்த்தாமல் துறந்த பழைய குடியுரிமை ஆகிய எல்லாம் அங்கே இருந்தன. இங்கே அவர் பெயரில் இருந்தது, தந்தை தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பங்கு ஒன்றுக்கான வாரிசு நியமனம் மட்டுமே. 1960-இல் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சங்கம் அது. அந்தப் பங்கின் மதிப்பு ஒருவரை அசைக்கக்கூடியதன்று என்று ஒரே வரியில் முடித்தார்.

என்னைப் பற்றிய பத்தியில், விடுபட்டதை விண்ணப்பதாரர் எவரும் சுட்டிக்காட்டுவதற்கு முன்னரே தாமாகத் திருத்தினார் என்பதையும், 18-ஆம் பகுதியின் பட்டியலில் தாய்மாமன் இல்லாததால் ஏற்பட்ட குழப்பம் நம்பத்தக்கது என்பதையும் ஏற்று, வேண்டுமென்று மறைத்ததாகக் கொள்ள முடியாது என்றார். அதிகாரி வங்கிப் பதிவைக் காட்டிய பின் அவர் ஒப்புக்கொண்டிருந்தால் இதே உண்மைகள் வேறு முடிவைத் தந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த மூன்று ஆண்டுகளில் இழந்தவையும் உண்டு. மருமகன் தாம் விரும்பிய திட்டத்திலிருந்து விலக்கப்பட்டு, அனுமதி தேவைப்படாத வேறொரு பணியில் வைக்கப்பட்டார். வழக்கறிஞர் கட்டணம் அவருடைய சேமிப்பில் பெரும் பகுதியை விழுங்கியது. அனுமதி கிடைத்த பின்னும் கடமை முடியவில்லை. சொந்தக் காரியமாக வெளிநாடு செல்வதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அயல்நாட்டுத் தொடர்புகளில் மாற்றம் வந்தால் அறிவிக்க வேண்டும். அக்காளுக்கு உடல்நிலை மோசமானபோது விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் அவர் செய்த முதல் காரியம் அலுவலகத்துக்குத் தெரிவித்ததுதான்.

இப்போது என் மேசையில் ஒரு தாள் இருக்கிறது. குடும்பத்தில் ஒவ்வொருவரும் எங்கே வேலை செய்கிறார், முகவரி மாறியதா, பணம் எந்தக் கணக்குக்கு வருகிறது என்பதை அதில் குறித்து வைத்து, ஆண்டுதோறும் தீபாவளிக்கு முந்திய வாரம் புதுப்பித்து மருமகனுக்கு அனுப்புகிறேன். தங்கைக்கு வேறு பள்ளிக்கு மாற்றலானது அதில் ஏறியது. தமையனின் ஓய்வுத் தேதி ஏறியது. என் பெயர் 'தாய்மாமன்' என்ற உறவோடு, 19-ஆம் பகுதிக்கு உரியது என்ற குறிப்போடு மூன்றாவது வரியில் இருக்கிறது. அக்காளின் குடியுரிமை என்ற கட்டத்தில், 'எந்த நாட்டிலும் இல்லை. விண்ணப்பம் நிலுவையில்' என்று இந்த ஆண்டும் எழுதி அனுப்பினேன்.